ஒற்றை விளக்குக் காரும் வாணவேடிக்கையும்

நான் முப்பது வருடம் வேலை பார்த்த பத்திரிகையில் இப்போது போட்டோ பிரிவைப் பார்த்துக்கொள்பவள் பவித்ரா. சேலத்துப் பெண். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால்தான் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலை, பெங்களூர் ஜீவனஹள்ளி மார்க்கெட்டில் கீரைக்காரியோடு நான் வாதாடிக்கொண்டிருந்தபோது போன் செய்தாள்.

"சார், அந்தக் கார் ரேஸ் கிளப் இருக்குல்ல, புதுக் கட்டடம் கட்டியிருக்காங்க. ஹால்ல ஒரு செவுரு முழுக்க உங்க படத்த மாட்டப் போறாங்களாம். அத எப்படி எடுத்தீங்கன்னு பத்து வரி எழுதித் தரச் சொல்றாங்க. இங்க புதுசா வந்தவங்களும் கேக்கறாங்க. இப்ப போனே நாலு படத்தச் சேத்து ஒண்ணாக்கிடுது. ஃபிலிம்ல எப்படி சார் ஒரே ஷாட்டுல வாங்குனீங்க?"

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. முதல்வர்கள், வெள்ளம், கிரிக்கெட், பட்டமளிப்பு விழா என்று ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளியிருக்கிறேன். என் பெயரைச் சொன்னால் ஊருக்கு நினைவு வருவது அந்த ஒன்றுதான். இருட்டில் ஒரு வளைவு. தரையோடு தரையாக ஓடும் வெள்ளை, சிவப்புக் கோடுகள். அவற்றின் நடுவே தனியாக ஒரு மஞ்சள் கோடு. மேலே வானம் நிறைய வாணவேடிக்கை. விருது வாங்கிய படம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். இருபது வருடத்துக்கு மேல் கூசிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் வெளியே சொன்னதில்லை. பாராட்டினால் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கமான மனிதர் என்று அதற்கும் ஒரு நல்ல பெயர் கிடைத்தது.

பத்து வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அது இப்படி நீண்டுவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கிய ஆள். நான் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு பெங்களூருக்கு ரயில் ஏறியவன். காக்ஸ் டவுனில் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருகிறவர்களின் தாடையை நிமிர்த்திவிடும் வேலை, பிறகு கல்யாண வீடுகள், பிறகு பத்திரிகையின் இருட்டறையில் பிரிண்ட் கழுவும் வேலை, அங்கிருந்து ஒரு வழியாகக் கையில் கேமரா. என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். மீதியெல்லாம் ஆரோக்கியராஜ் சாரிடம் கற்றது.

ஆரோக்கியராஜ் சார் எங்கள் தலைமைப் போட்டோகிராபர். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். கோயிலுக்குப் போகிற மாதிரி வெளுத்து இஸ்திரி போட்ட சட்டையில் தினமும் அலுவலகம் வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் வெளியே போய் எடுத்து வந்த ஃபிலிம் ரோலைக் கழுவி, சின்னச் சின்னப் படங்களாக ஒரே தாளில் அச்சிட்டு அவர் மேஜையில் வைக்க வேண்டும். பூதக்கண்ணாடியைத் தாளின் மேல் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, ஒவ்வொரு படச் சட்டமாக நகர்த்துவார். அவர் கையில் இருக்கும் சிவப்புப் பென்சில் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு நாம் நிற்போம். பென்சில் ஒரு சட்டத்தில் நின்றதும் தலையைத் தூக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"நீ இன்னா பார்த்த?"

படத்தில் இருப்பதைச் சொன்னால் விடமாட்டார். "அது எனக்கே தெரியுது. நீ இன்னா பார்த்தன்னு கேட்டேன்" என்பார். அங்கே நின்று நம் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். யார் முதலில் கையை ஓங்கினார்கள், போலீஸ் வந்தது முன்னாலா பின்னாலா, அந்த அம்மா அழுதது எதற்கு. அதற்குப் பிறகுதான் படத்தின் பின்னால் ஒட்டும் சீட்டில் விவரம் எழுதவிடுவார். படத்தை விட அந்தச் சீட்டில் தப்பு வந்தால்தான் அவருக்குத் தாங்காது.

அந்த வருடம் ஊருக்கு வெளியே, ஆனேக்கல் சாலைப் பக்கம், ஒரு பெரிய மைதானத்தில் தற்காலிகமாகத் தடம் போட்டு ஒரு கிளப் கார் பந்தயம் நடத்தியது. இரவுப் பந்தயம். முடிந்ததும் வாணவேடிக்கை. முதல் பக்கத்துக்குக் கலர் படம் வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். கார்களும் வேண்டும், வாணமும் வேண்டும், இரண்டும் ஒன்றாக வேண்டும்.

"ரேஸ் முடிஞ்சப்புறம் தானே வாணம் விடுவாங்க. ரெண்டும் எப்படிப்பா ஒண்ணா வரும்?" என்றார் ஆரோக்கியராஜ் சார். "கெடச்சா எடு. கெடைக்கலன்னா விடு. நான் பேசிக்கறேன்."

விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, சீனியர் பதவி ஒன்று காலியாக இருந்தது, எனக்கு ஒரு வித்தையும் தெரிந்திருந்தது.

அந்த வித்தை இதுதான். கேமராவை முக்காலியில் அசையாமல் பூட்டி, ஷட்டரைத் திறந்தபடியே நிறுத்திவிட வேண்டும். லென்சுக்கு முன்னால் ஒரு கறுப்பு அட்டையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அட்டை மறைத்திருக்கும்வரை ஃபிலிமுக்கு எதுவும் தெரியாது. கார் வரும்போது அட்டையை எடுத்தால் காரின் விளக்கு கோடாகப் பதியும். மறுபடி மூடிக் காத்திருந்து, வாணம் வெடிக்கும்போது எடுத்தால் அதுவும் அதே சட்டத்தில் பதியும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இடைவெளி விடலாம். நெகட்டிவில் வெட்டு ஒட்டு எதுவும் இருக்காது. வாணவேடிக்கை எடுக்கிற எல்லாரும் செய்வதுதான். நான் போட்டோ பேப்பர் டப்பாவின் மூடியை வெட்டி, அதன்மேல் கறுப்பு வெல்வெட் ஒட்டி வைத்திருந்தேன். அதில் ஒரு பாவமும் இல்லை. பாவம் பின்னால் வந்தது.

பந்தயத்தன்று வெளிச்சம் இருக்கும்போதே இடம் பார்க்கப் போனேன். தடத்தின் உள்பக்கம் ஓர் ஆள் உயரத்துக்கு மண்மேடு போட்டு, அதற்குப் பின்னால் மணலில் குழாய்களை நட்டுக்கொண்டிருந்தார் வாணம் விடுகிறவர். ஐம்பதைத் தாண்டிய ஆள், பெயர் வேலாயுதம். என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"தங்கவயலா? எந்த லைனு?"

தங்கவயல்காரர்கள் இருவர் சந்தித்தால் அதுதான் முதல் கேள்வி. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளை லைன் என்றுதான் சொல்வோம். நான் சொன்னேன். அவர் பக்கத்து லைன். இருபது வருடம் சுரங்கத்தின் அடியில் பாறைக்கு வெடி வைத்தவர். வேலை போனதும் இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் எடுத்து ஆனேக்கலில் குடியேறியிருந்தார். ஃபிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கும், நான் எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்று காட்டினார்.

"இங்கேர்ந்து தடம் தெரியாதேண்ணா. ரேஸ் முடிஞ்சது எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

இடுப்பில் இருந்த வாக்கி டாக்கியைத் தட்டினார். "இதுல சொல்லுவாங்க. கடைசி வண்டியும் நின்னாச்சு, கொளுத்துன்னு அவங்க வாயால வரணும் தம்பி. வராத வரைக்கும் நான் தீய கைல எடுக்க மாட்டேன். கீழ வெடி வெக்கறப்போ எத்தன குழி வெடிச்சுதுன்னு எண்ணுவோம். ஒண்ணு கொறஞ்சா யாரும் உள்ள போகக் கூடாது. அந்தக் காது இது."

இதைச் சொல்லும்போது அவருக்கு இருந்த பெருமையை நான் நன்றாகவே பார்த்தேன். பார்த்தவன்தான் பிற்பாடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரவு. தொடக்கக் கோட்டின் பக்கம் மட்டும் பெரிய விளக்குகள். ஜனமெல்லாம் அங்கேதான். நான் நின்ற தூரத்து வளைவு கும்மிருட்டு. முக்காலியை நட்டேன், ஷட்டரைத் திறந்து பூட்டினேன், அட்டையைப் பிடித்தேன். கடைசிச் சுற்றில் ஒவ்வொரு காராக வர வர அட்டையை எடுத்து மூடினேன். மைக்கில் வெற்றி பெற்றவன் பெயரைக் கத்தினார்கள். எல்லாரும் கோட்டைத் தாண்டியாயிற்று, ஒரே ஒரு கார் மட்டும் வெகுதூரம் பின்தங்கி வந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு விளக்கு முன்னமே உடைந்திருந்தது. மிச்சம் இருந்த மஞ்சள் விளக்கோடு வளைவுக்குள் நுழைந்தது. அட்டையை எடுத்தேன். அழகான கோடு, தனிக் கோடு. கார் என் சட்டத்தைத் தாண்டியதும் மூடினேன்.

மூடிய பிறகு டயர் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அப்புறம் பொத்தென்று ஒரு சத்தம். மஞ்சள் விளக்கு அணைந்தது. வானத்தில் அப்போது ஒன்றும் இல்லை.

நான் ஓடவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். சத்தம் வந்த இடம் நூறடிகூட இருக்காது. ஓடினால் அட்டை விலகும், அதுவரை சேர்த்த கோடுகளெல்லாம் வீணாகும். மார்ஷல் இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். வளைவுகளில் கொடியோடு நிறுத்தப்படுகிறவரை மார்ஷல் என்பார்கள். வளைவோரக் கூண்டில் இருந்த அந்த மார்ஷல் வாக்கி டாக்கியில் "கடைசி வண்டி இங்க நின்னுடுச்சு, தடத்துல வேற யாரும் இல்ல" என்று சொல்வது எனக்குக் கேட்டது. வண்டி சும்மா பழுதாகி நின்றது என்றுதான் அவரும் நினைத்திருக்க வேண்டும். இதெல்லாம் நடந்து முடிய ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். அதற்குப் பிறகுதான் மண்மேட்டுக்குப் பின்னாலிருந்து முதல் வாணம் எழும்பியது. நான் அட்டையை எடுத்தேன். நான்கு வெடிப்புகள் வாங்கினேன். மூடினேன், ஷட்டரை விட்டேன். பிறகுதான் அந்தப் பக்கம் திரும்பினேன். ஓட்டியவனை தடத்தோரம் தடுப்பாக வைத்திருந்த டயர் அடுக்கிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது.

அலுவலகத்தில் ஆரோக்கியராஜ் சாரின் பென்சில் அந்தச் சட்டத்தில் வெகுநேரம் நின்றது.

"ஒரே ஃப்ரேமா?"

"ஒரே ஃப்ரேம் சார். அட்டை வெச்சு எடுத்தேன்."

"நீ இன்னா பார்த்த?"

அச்சுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து இரண்டு முறை ஆள் வந்துவிட்டான். "கடைசி கார் போச்சு சார், வாணம் விட்டாங்க" என்றேன். நடுவில் இருந்ததை விழுங்கினேன். சீட்டிலும், கடைசிக் காரை வாணவேடிக்கை வழியனுப்புவதாக நயமாக ஒரு வரி எழுதினேன். அன்றைக்கு அந்த வரியை நான் ரசிக்கவும் செய்தேன்.

படம் முதல் பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு வந்தது. ஊரே பேசியது. ஒரு வாரத்துக்குள் வேறு ஒரு பேச்சும் கிளம்பியது. காலை முறித்துக்கொண்டவன், வெடி வெளிச்சம் கண்ணில் அடித்துத்தான் தடம் தவறியதாகச் சொன்னான். சொந்தப் பிழைக்கு ஒரு சாக்குத் தேடினான் என்று நினைக்கிறேன். வலியில் அவனுக்கே அப்படித்தான் தோன்றியதோ என்னவோ. கிளப் மூன்று பேரை வைத்து விசாரணை நடத்தியது. வாக்கி டாக்கியில் உத்தரவு கொடுத்தவர், மார்ஷல் சொன்ன பிறகுதான் கொடுத்தேன் என்றார். உத்தரவு வந்த பிறகுதான் கொளுத்தினேன் என்றார் வேலாயுதம். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். இன்று போல ஆளுக்கொரு போனில் வீடியோ எடுக்கிற காலமும் இல்லை. ஆனால் அவர்கள் மேஜையில் என் படம் இருந்தது. ஒற்றை விளக்குக் கார் ஓடுகிறது, தலைக்கு மேல் வாணம் வெடிக்கிறது. அப்படியானால் வேலாயுதம் உத்தரவுக்கு முன்பே கொளுத்திவிட்டார். வேறென்ன அர்த்தம்?

படத்தையும் நெகட்டிவையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. போவதற்கு முந்தைய மாலை ஆரோக்கியராஜ் சார் கூப்பிட்டார்.

"தாமு, நாளைக்கு அவங்க கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வந்துடாத. நீ இன்னா பார்த்தியோ அத மொதல்லேர்ந்து சொல்லு. அந்த ஆளோட பொழப்பு அதுல இருக்கு."

"சரி சார்" என்றேன். அந்த வாரம்தான் படத்துக்கு விருது அறிவித்திருந்தார்கள். சீனியர் பதவிக்கு என் பெயரை மேலே அனுப்பியிருந்தார்கள். அட்டை, இடைவெளி என்று நான் பேச ஆரம்பித்தால் விருதுக்காரர்கள் என்ன சொல்வார்கள், சத்தம் கேட்டும் ஏன் ஓடவில்லை என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டேன்.

கிளப்பின் அறையில் நீள மேஜை. நடுவில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர். மரியாதையான மனிதர், என்னை உட்காரச் சொல்லித்தான் கேட்டார். சுவரோரம் ஒரு நாற்காலியில் வேலாயுதம். வெள்ளைச் சட்டை, தலை படிய வாரியிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நம்ம ஊர்ப் பையன் வந்துவிட்டான் என்ற தெம்பு அந்த முகத்தில் இருந்தது.

"இது ஒரே நெகட்டிவா?"

"ஆமாம் சார்."

"இருட்டறையில் இரண்டு படத்தை ஒட்டினீர்களா?"

"இல்லை சார்."

"எதையாவது சேர்த்தோ அழித்தோ இருக்கிறீர்களா?"

"இல்லை சார்."

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து மூவரும் பார்த்தார்கள். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றும் அதிகாரி கேட்டார். அவர் கேட்கவில்லையே என்று சொல்லித் தப்பிக்க எனக்கு அந்த வழியும் இல்லை. கேட்டார். நான் இல்லை என்றேன்.

மார்ஷலைக் கூப்பிட்டார்கள். வண்டி நின்ற பிறகுதான் வாணம் பார்த்ததாக முதல் நாள் எழுதிக் கொடுத்திருந்த மனுஷன், படத்தைப் பார்த்ததும் தடுமாறினார். "படத்துல அப்படி இருக்குன்னா அப்படித்தான் இருக்கும் சார். நான் ஜெயிச்ச வண்டியப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு படத்தை வேலாயுதத்திடம் கொடுத்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மஞ்சள் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"ஒத்த லைட்டு. கடைசி வண்டிதான்" என்றார். அறையில் எல்லாரும் காத்திருந்தார்கள். "எனக்கு உத்தரவு கேட்டுச்சு சார். கேட்டுத்தான் கொளுத்துனேன்னு நெனச்சேன். ஆனா படம் இப்படி இருக்கே. வயசாவுது. காதுல வேற எதையோ கேட்டுட்டேன் போல."

அந்த நிமிடத்தில் நான் எழுந்து நின்றிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். நான் என் பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அலுவலகம் திரும்பினேன். ஆரோக்கியராஜ் சார் மேஜையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சொன்னியா?"

"கேட்டதுக்கெல்லாம் சொல்லிட்டேன் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அடுத்த தாளை இழுத்துப் பூதக்கண்ணாடியை வைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, அவர் ஓய்வு பெறும்வரை ஆறு வருடம், என் படங்களைப் பார்த்துச் சிவப்புக் கோடு போட்டாரே தவிர, நான் என்ன பார்த்தேன் என்று ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை. மற்றவர்களைக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே கேட்டார். அவரே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நடுவில் அவர் மேலேயே கோபப்பட்டுப் பார்த்தேன். அவர் அங்கே இல்லை, இருந்தவன் நான் என்பது கோபம் தணிந்ததும் தெரிந்தது. அவர் இறந்தபோது சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். குடும்பத்தார் என்னை அவருடைய பிரதான சீடன் என்று யாருக்கோ அறிமுகம் செய்தார்கள்.

வேலாயுதத்தை யாரும் தண்டிக்க வேண்டியிருக்கவில்லை. கிளப் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிடத் தயாராக இருந்ததாம். அவரே போய் லைசென்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று விளையாட்டுச் செய்தியாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். நல்ல மனுஷன் என்று அவர் சேர்த்துச் சொன்னார். நானும் ஆமாம் என்றேன். சீனியர் பதவி எனக்கு வந்தது.

இது எல்லாவற்றையும் பவித்ராவிடம் போனில் சொன்னேன். "ஆனா டெக்னிக்கலா அது சிங்கிள் எக்ஸ்போஷர்தானே சார். நீங்க பொய் சொல்லலையே" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். இருபது வருடமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டது அதே வாக்கியம்தான். இன்னொருவர் வாயில் கேட்டபோதுதான் அது எவ்வளவு மலிவு என்று தெரிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதி கிளப்புக்கு அனுப்பினேன். சுவருக்கு வேறு படம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு வேலாயுதம் எங்கே என்று விசாரித்தேன். தங்கவயல்காரர்களுக்குள் ஒருவரைக் கண்டுபிடிக்க இரண்டு போன் போதும். அந்த இரண்டு போனை நான் முன்பே செய்திருக்கலாம்.

ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடை. சின்ன வீடு. கதவைத் திறந்த அம்மா அவருடைய மனைவி சரோஜா. உள்ளே கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"போட்டோக்கார தம்பிதானே? பக்கத்து லைனு. வா, உக்காரு."

அபார்ட்மெண்ட் ஒன்றில் வாட்ச்மேனாக இருந்துவிட்டு அதையும் விட்டு ஐந்து வருடம் ஆகிறது என்றார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று விழித்துக்கொண்டிருந்தேன். அவராகவே அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். "பேப்பர்லேர்ந்து வெட்டி எடுத்து வெச்சிருக்கேன் தம்பி. ஒருத்தன் காலு போக இருந்துச்சு என்னால. மறக்கக் கூடாதில்ல."

"பெத்த புள்ளைங்கள தீபாவளிக்கு ஒரு மத்தாப்பு கொளுத்த விட்டதில்ல இந்த மனுஷன்" என்றார் சரோஜா அம்மா, எனக்குத் தண்ணீர் கொடுத்தபடியே.

தண்ணீரைக் குடிக்காமல் சொன்னேன். அட்டையைப் பற்றிச் சொன்னேன். சத்தத்தைப் பற்றி, விளக்கு அணைந்ததைப் பற்றி, மார்ஷல் பேசியதைப் பற்றி, வானம் வெறுமையாக இருந்ததைப் பற்றிச் சொன்னேன். விசாரணையில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தெரிந்தேதான் சொல்லவில்லை என்றும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் பேப்பரை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"வண்டி மோதுன சத்தம் மொதல்ல கேட்டுச்சா?"

"ஆமாண்ணா."

"அப்புறம் எவ்ளோ நேரம்?"

"ஒரு நிமிஷத்துக்கு மேல இருக்கும்ணா."

"அப்ப எனக்கு உத்தரவு சரியாத்தான் கேட்டுருக்கு."

"சரியாத்தான் கேட்டுருக்குண்ணா."

கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஆனால் என் மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. என்னைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. கோபம் எல்லாம் சரோஜா அம்மாவிடம் இருந்தது. "இத்தன வருசமா எங்கப்பா போயிருந்த நீ?" என்றார். "ராத்திரியில எழுந்து எழுந்து உக்காருவாரு, இன்னா கேட்டேன் இன்னா கேட்டேன்னு. இங்கதானே இருந்தோம். ஒரு பஸ்ஸு ஏற முடியலியா ஒனக்கு?" தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வீட்டில் அதை யாரும் அடக்கம் என்று நினைக்கவில்லை.

"சும்மா இரு சரோஜா. அந்த போன எடு" என்றார் வேலாயுதம்.

முதலில் ஹோசூரில் இருக்கும் மகளுக்குப் போட்டார். "அம்மாடி, இங்க ஒருத்தர் வந்திருக்காரு. இவர் சொல்றதக் கேளு" என்று என்னிடம் நீட்டினார். நான் சொன்னேன். மோதல் முதலில், வாணம் பிற்பாடு, உன் அப்பா மேல் தப்பில்லை, தெரிந்தும் நான் சொல்லவில்லை. அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். அடுத்து மகன். அடுத்து, அவரோடு குழாய் நட்ட பழைய கூட்டாளி. ஒவ்வொரு முறையும் அவர் எண்ணைத் தேடிப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை விட்டுவிட்டால், "அந்த ஒரு நிமிசத்தையும் சொல்லு தம்பி" என்று நினைவுபடுத்தினார். சொன்னேன்.

கடைசியாகத் தங்கவயலில் இருக்கும் சரோஜா அம்மாவின் அண்ணனுக்குப் போட்டார். ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில், பத்துப் பேர் முன்னால், கவனமில்லாத ஆள் என்று இவரைச் சொல்லிவிட்ட மச்சானாம். வயதானவர், காது மந்தம். நான் முழுவதையும் சொல்லி முடித்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து உரக்க ஒரு குரல் வந்தது.

"அதெல்லாம் சரி, நீ யாருப்பா பேசறது?"

வேலாயுதம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் சத்தமாகச் சொல்லும்படி கையைக் காட்டினார். அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான் என்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.